பதினாறு தகடுகள்

“…அப்ப பிழை என்ட கண்ணில, இல்லாட்டி என்ட கையில. வேற எங்கயும் இருக்க இடமில்ல, நானா.”

மிஸ் இதைச் சொன்னபோது படகு கற்பிட்டித் துறையை விட்டுக் கால் மைல் தூரம்கூடப் போயிருக்கவில்லை. மடியில் ஒரு நீளமான கடதாசி உறை. அதற்குள் இருந்த தாள்களை வெளியே எடுக்காமல், காற்று பறித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் உறையின்மேல் கையை வைத்து அழுத்தியபடி பேசினார். வலது காலை எதிர்ப்பலகையில் நீட்டியிருந்தார். அந்தக் கால் முறிந்து எட்டு மாதம். இன்னும் மடிக்கும்போது முகம் சுருங்கும்.

நான் பின்னால் எஞ்சின் பிடியோடு இருந்தேன். அவருடைய கண்ணிலும் பிழையில்லை, கையிலும் பிழையில்லை என்பது இந்தப் புத்தளம் களப்பு முழுவதிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல எனக்கு, நாங்கள் போய்க்கொண்டிருந்த சின்னத்திட்டு வரும்வரை நேரம் இருந்தது. காற்று எதிர்க்காவிட்டால் முக்கால் மணித்தியாலம்.

மிஸ் முன்னேஸ்வரம் பக்கத்தவர். தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றிப் படிப்பித்தார். விடுமுறை வந்தால் எங்கள் கரைக்கு வந்துவிடுவார். எங்கள் வழக்கப்படி என்னை நானா, என் மனைவியை ராத்தா என்று, அண்ணன் அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். ஆண்கள் போடுகிற நீளக்கைச் சேட்டு, பனையோலைத் தொப்பி, கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி. முதல்நாள் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்துவிட்டுப் போன பிறகு என் மனைவி சொன்னாள்: “அவங்கட ஆக்கள் கழுத்தில தாலியல்லவா கட்டுவாங்க? இவங்க என்னத்தையோ கட்டித் தொங்க வுட்டிரிக்காங்களே.” மிஸ் கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், “பாத்துக்கொண்டிருக்கன் ராத்தா” என்பார். உண்மைதான். அந்தக் கண்ணாடிக்குள்ளால் அவர் பார்க்காத புல்பூண்டு எங்கள் கரையில் மிச்சமில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு மூன்று சொல் போதும். “இன்னும் ஒருக்கா பாப்பம்.”

எதற்கும் அதுதான் பதில். ஆலங்குடாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, முதலாளி பெரிய வாயாடி. ஒருநாள் மீன்கறியை வைத்துவிட்டு, “எப்பிடி மிஸ், நம்மட கறி?” என்று கேட்டார். வேறு யாரும் என்றால் நல்லம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள். மிஸ் ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

“நேத்தும் இதே மீன்தானே?”

“ஓம் மிஸ்.”

“நேத்துப் புளி கூட. இண்டைக்கு உப்புக் கூட. நாளைக்கும் ஒருக்கா சாப்பிட்டாத்தான் உங்கட கை எப்பிடியெண்டு சொல்லேலும்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நானா, இவங்களக் கோட்டில நீதவானாப் போட்டா ஒரு வழக்கும் முடியாது. கள்ளனும் கெழவனாகித்தான் வெளிய வருவான்.”

மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். அடுத்தநாள் அதே மேசைக்குப் போய் அதே கறியைச் சாப்பிட்டுவிட்டு, “கை நல்ல கை. உப்புப் போடேக்க மட்டும் கதைக்காதீங்க” என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளி இன்றைக்கும் உப்புப் போடும்போது வாயை மூடிக்கொள்வார். கடையில் அந்த ஒரு நிமிடம்தான் அமைதி.

என் மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மிஸ் வேலைசெய்கிற அதே பல்கலைக்கழகத்தில் கிளார்க். என் மனைவிக்குப் பெரிய சந்தோசம், விசாரிக்க வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கிறதே என்று.

“புள்ள எப்பிடி மிஸ்?”

“படியில ஏறேக்க ஒருக்காக் கண்டிருக்கன், ராத்தா. ஒருக்காக் கண்டத வச்சுச் சொல்லேலாது.”

“நல்ல புள்ளையெண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாயில முத்தா உதிர்ந்திரும்?”

“சொல்லலாம். பிறகு பிழையெண்டா?”

அதற்குப் பிறகு இரண்டு பயணம் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றியது நான்தான். என் மனைவி குசினியை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் பயணம் மிஸ் நேரே குசினி வாசலுக்கே போய் நின்றார். “நாலு தரம் பாத்தன் ராத்தா. கன்டீனில வரிசையை முந்த மாட்டார். பின்னால வாற ஆளுக்குக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். உம்மாவோட போன்ல கதைக்கேக்க சத்தம் கூட்டிறதில்ல. கோவம் வந்தா எப்பிடியெண்டு தெரியாது.” கல்யாணம் நடந்தது. இப்போது என் மகள் வீட்டுக்கு வந்தால், “மிஸ் ‘தெரியாது’ எண்டு வுட்ட எடத்த மட்டும் நான் நல்லாப் படிச்சிட்டன் உம்மா” என்று சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட ஒருவருடைய கையில்தான் அந்தச் செடி அகப்பட்டது. அல்லது அந்தச் செடியின் கையில் இவர் அகப்பட்டார்.

சின்னத்திட்டில் அவர் இறங்கியதே என் எஞ்சினால்தான். சுழலியில் பாசி சுற்றிக்கொண்டது, அறுக்க ஒதுங்கினோம். ஒரு பீடி முடிவதற்குள் சுற்றி வந்துவிடக்கூடிய மணல் திட்டு அது. யாரும் நிற்பதில்லை, நிற்க நிழலும் இல்லை. நான் பாசியை அறுத்துவிட்டு நிமிர்ந்தால் மிஸ் மணலில் குப்புற விழுந்து கிடக்கிறார். வெயிலில் மயக்கம் போட்டுவிட்டார் என்று ஓடினேன். கண்ணில் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொழுஞ்சிதானே மிஸ்,” என்றேன்.

கொழுஞ்சி எங்கள் பக்கத்தில் வேலிக்கு வேலி நிற்பது. மாம்புரித் தோட்டக்காரர்கள் வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். அதன் இலை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாது, அம்புமுனை மாதிரிக் கிழியும். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்கள் எல்லோரும் விளையாடியதுதான். நான் ஓர் இலையைக் கிள்ளி இழுத்துக் காட்டினேன். அம்புமுனை.

“கிழியிறது கொழுஞ்சி மாதிரித்தான்,” என்றார் மிஸ். “ஆனா கொழுஞ்சி எழும்பி நிக்கும். இது படுத்துக் கிடக்கு. கொழுஞ்சிக் காய் கொக்கி மாதிரி வளையும். இது நேர். இஞ்ச பாருங்க, இலையெல்லாம் பட்டு மாதிரி வெள்ளை மயிர்.”

“அப்ப வேற சாதியா மிஸ்?”

“இன்னும் ஒருக்கா பாப்பம்.”

அந்த ஒருக்கா மூன்று வருடம் எடுத்தது. திட்டு முழுவதும் தேடினோம், பதினாறு செடி இருந்தது. வேறு தீவுகளில் தேடினோம், ஒன்றுமில்லை. நான் சோடா டின்னை வெட்டிப் பதினாறு தகடு செய்து, ஆணியால் இலக்கம் குத்திக் கொடுத்தேன். மிஸ் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒன்றைக் கம்பியால் கட்டினார். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை என்று வந்து இலையை அளந்தார், காயை அளந்தார், காய்க்குள் விதையை எண்ணினார். கொழுஞ்சிக் காயில் ஆறு விதை, ஏழு விதை. இதில் மூன்று. மூன்றுக்கு மேல் ஒருநாளும் இல்லை. எல்லாம் ஒரு தடித்த கொப்பியில் போகும். அந்தக் கொப்பியை வேறு யாரும் தொடக்கூடாது. படகு ஆடும்போதுகூட என்னிடம் தரமாட்டார், சேட்டுக்குள் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி நிரலுக்கு அவர் போட்டிருந்த தலைப்பு ‘தெரியாது.’ மற்ற நிரல்களைவிட அதுதான் நிறைந்திருக்கும். “தெரியாததையும் ஒழுங்கா எழுதி வைக்கோணும், நானா. இல்லாட்டி அது தெரிஞ்ச மாதிரி வேசம் போட்டுக்கொண்டு வந்திரும்,” என்பார்.

எனக்குப் பொறுமை போய்விடும். “மிஸ், கண்ணுக்கு முன்னால வேறயாத்தானே கிடக்கு. ஒரு பேர வச்சிட்டுப் போங்களன்.”

“காத்தும் உப்பும் சேந்தா சும்மா கொழுஞ்சியும் கூன் போட்டுப் படுக்கலாம். அப்ப இது வேற இல்ல, அதே ஆள், கஷ்டப்பட்டுப் போன ஆள். உடம்பை மட்டும் பாத்துச் சொல்லேலாது. ரெண்டு சாட்சி வேணும்.”

“எங்கட நிக்காஹ்வுக்கும் ரெண்டு சாட்சிதான் மிஸ்.”

“அப்ப உங்களுக்கு விளங்கும். ஒரு சாட்சி உடம்பு. மற்றது உள்ளுக்குள்ள இருக்கிற மரபணு. அது காத்துக்கும் வளையாது, உப்புக்கும் வளையாது. அம்மாட்ட இருந்து வந்ததை அப்பிடியே சொல்லும். ரெண்டும் ஒண்டைச் சொன்னாத்தான் பேர்.”

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆலங்குடாவில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்களுக்குக் குடில் கட்டிக் கொடுக்கும் ஒருவர், சின்னத்திட்டைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பத்துக் குடிலும் ஒரு படகுத்துறையும். மிஸ் அரசாங்கக் கந்தோருக்குப் போய், அங்கே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செடி இருக்கலாம் என்று சொன்னார். “இருக்கலாமா, இருக்கா?” என்று கேட்டார்கள். “செடிக்குப் பேர் என்ன? புத்தகத்தில வந்திருக்கா? வந்தாக் கொண்டு வாங்க.” பெயரில்லாத ஒன்றைக் காப்பாற்றச் சொல்லி அவர்களாலும் கடிதம் எழுத முடியாது. மிஸ் வெளியே வந்து, “அவங்க கேட்டது நியாயமான கேள்வி,” என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது. மூன்று வருடம் மணலில் படுத்துக் கிடந்த மனுசி, உள்ளே போய் ‘இருக்கு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன?

ஆக, பெயர் வந்தால் திட்டு தப்பும். வராவிட்டால் பதினாறு செடியும் குடிலுக்குக் கீழே போகும். பெயர் வருவதற்கு மிச்சமிருந்தது இலை பறித்து மரபணு பார்ப்பது மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் வந்தான், என் மனைவியின் தம்பி. ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் கொடுக்க நாலு கிடாய் வாங்கி வைத்திருந்தான். பெருநாள் கிட்டக் கிட்ட ஆட்டுக் கள்ளர் கூடிவிடுவார்கள். ஊரில் பலர் செய்வதுபோல ஒரு தீவில் விட்டால் களவும் போகாது, மேய்ச்சலும் கிடைக்கும்.

“சின்னத்திட்டுக்கு ஏத்துவம் மச்சான்.”

“அங்க மிஸ்ட செடி இரிக்கிடா.”

“அந்தப் பக்கம் செடி, இந்தப் பக்கம் ஆடு. முளையடிச்சுக் கட்டித்தானே வுடப்போறம். பத்து நாளைக்குத்தான். அல்லாட பேரில குடுக்கிற ஆடு மச்சான், அது களவு செய்யுமா?”

அந்தப் பேச்சுக்கு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் படகில், என் கையால், நாலு கிடாயையும் ஏற்றினேன். திட்டின் மற்ற முனையில் முளையடித்தோம். மணலில் அடித்த முளை ஆட்டுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். படகு கட்டுகிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

நாலாம் நாள் தண்ணீர் கொண்டுபோனேன். மூன்று ஆடு கட்டியபடி நின்றது. நாலாவது என்னைக் கண்டதும் ஓடிவந்து படகை மோந்து பார்த்தது, வாயில் ஒரு வெள்ளைக் காம்பு. நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று. ஐந்து தகடுகள் வெறும் மணலில் கிடந்தன. வேர்கூட இல்லை, குளம்பால் கிண்டிவிட்டிருந்தது.

அப்போதே மிஸ்ஸுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மாம்புரிக்குப் போனேன். ஒரு தோட்டத்து வேலியோரம் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, ஆணிவேர் அறாமல், மண்ணோடு ஏழு கொழுஞ்சிகளைத் தூக்கினேன். பிளாஸ்டிக் எண்ணெய்க் கான்களைப் பாதியாக வெட்டி அதில் வைத்துக் கொண்டுபோய் நட்டேன். இரண்டு வாடியது, ஐந்து பிடித்தது. பழைய தகடுகளைப் பழைய இடங்களிலேயே கட்டினேன். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: வேறா, ஒன்றா என்று மிஸ்ஸுக்கே இன்னும் தெரியாதே. அவருக்கே தெரியாத வித்தியாசத்தை ஐந்து செடி என்ன செய்துவிடப் போகிறது?

அவருடைய வார்த்தையை எடுத்து நான் போர்த்திக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதே கிழமையில் மிஸ்ஸின் போன் வந்தது. பல்கலைக்கழகப் படியில் வழுக்கிக் கால் முறிந்துவிட்டதாம். குரல் உடைந்திருந்தது, காலுக்காக அல்ல.

“இலை இப்பப் பறிக்காட்டி இந்த வருசம் போயிரும் நானா. நான் வரேலாது. நீங்க பறிச்சு அனுப்புவீங்களா? என்னை விட்டா அந்தச் செடிய அறிஞ்ச ஆள் நீங்கதான்.”

“ஓம் மிஸ்,” என்றேன்.

தபாலில் பதினாறு சின்ன உறைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்குமே, ஈரம் உறிஞ்சுகிற மணிகள், அது. உறைகளின்மேல் அவருடைய கையெழுத்தில் இலக்கம். பதினொன்றை நிரப்பினேன். மற்ற ஐந்தை வெறுமையாக அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். ஐந்தையும் நிரப்பினேன். மிஸ் தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தன் கண்ணால் பார்க்காமல் ஒன்றை நம்பினார். அது நான்.

மாதங்கள் போயின. ஒருநாள் போனில், “பதினொண்டு ஒரு கதை சொல்லுது, அஞ்சு வேற கதை சொல்லுது, நானா,” என்றார். பதினொன்றும் தனிச்சாதி, கொழுஞ்சியிலிருந்து நன்றாக விலகிப் போனவை. ஐந்து, ஒப்பிட்டுப் பார்க்க அவர் முன்பே எடுத்து வைத்திருந்த மாம்புரிக் கொழுஞ்சியோடு அச்சொட்டு. ஆனால் அந்த ஐந்தையும் அவரே மூன்று வருடம் அளந்திருக்கிறார்: நேர்க் காய், மூன்று விதை, பட்டு மயிர். உடம்பு ஒன்று சொல்கிறது, மரபணு மற்றது சொல்கிறது. “நான்தான் எங்கயோ பொட்டலம் மாத்திட்டன் போல. இன்னும் ஒருக்கா செய்யப் போறன்.”

இன்னும் ஒருக்கா செய்தார். அதே ஐந்து. மூன்றாம் முறையும் அதே ஐந்து. அவருடன் வேலைசெய்யும் ஒருவர், பதினொன்று போதும், அந்த ஐந்தையும் விட்டுவிட்டு எழுதுங்கள் என்றாராம். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். “நல்ல யோசனைதானே மிஸ். வுட்டுடுங்க. குடில்காரர் அளக்க ஆள் அனுப்பிட்டார்.”

“எப்பிடி விடுறது? ரெண்டு சாட்சி கேட்டது நான். எனக்குப் பிடிக்காததைச் சொன்ன சாட்சியை வெளிய போகச் சொல்ல நான் ஆர்?”

அந்த ஐந்தை விட்டிருந்தால் அவர் எழுதியது சரியாக இருந்திருக்கும். அந்தப் பெயர் அச்சில் வந்து திட்டும் தப்பியிருக்கும். அவர் அவராக இருந்ததால்தான் அது நடக்கவில்லை. நான் நானாக இருந்ததாலும். அதற்குப் பிறகு ஒருநாள் திட்டுக்குப் போனேன், ஐந்தையும் பிடுங்கி எறிய. மழைக்குப் பிறகு அவை முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன, ஊதாப் பூவோடு. என் கை ராசிக்குச் செத்தாவது போயிருக்கக் கூடாதா? குனிந்து பிடித்தேன். பிடுங்கினால் அது இரண்டாவது பொய். கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிப் படகுக்கு வருகிறேன். கால் ஓரளவு தேறியதும், அந்த ஐந்தையும் தன் கண்ணால் இன்னும் ஒருக்கா பார்க்கத்தான் மிஸ் வந்திருந்தார். கண்ணில் பிழை, இல்லாவிட்டால் கையில் பிழை என்று மிஸ் சொன்ன இடத்திலிருந்து திட்டு ஒரு கோடாகத் தெரிகிற இடம்வரை நான் வாய் திறக்கவில்லை. அவர் தன் விரல்களை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவை வேறு யாருடையதோ என்பதுபோல. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

“எண்ணெய் முடிஞ்சா?”

“இல்ல மிஸ்.”

“பாசியா?”

“இல்ல மிஸ். உங்கட கையில பிழையில்ல. என்ட கையில.”

சொன்னேன். ஆடு, முளை, மாம்புரி, தகடு, எல்லாம். தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. முடித்ததும் கேட்டார்.

“எத்தினையாம் இலக்கம்?”

“நாலு, ஏழு, எட்டு, பன்னெண்டு, பதிமூணு.”

கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஐந்து இலக்கமும் அவருக்கு மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும்.

“ஆர்ட தோட்டம்?”

சொன்னேன்.

“நட்ட திகதி?”

“பெருநாளைக்கு ஆறு நாளைக்கு முந்தி. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்ன நேரம் முடிச்சன்.”

“இலை பறிக்கேக்க அது நட்டு எத்தினை நாள்?”

“பதினெட்டு.”

அவர் அடுத்த கேள்விக்குப் போகுமுன், “ஏன் செஞ்சீங்க எண்டு கேளுங்க மிஸ்,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஏசுங்க. மச்சானையும் சேத்து ஏசுங்க.”

“ஏனெண்டு தெரியும். நான் கவலைப்படுவன் எண்டுதானே?” உறையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். முதல்முறையாக அவருடைய குரல் உயர்ந்து கேட்டேன். “நாலு மாசம் நானா! நாலு மாசம் இந்தக் கையை நம்பாமத் திரிஞ்சன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கேக்க ஒரு பூவைப் பிரிக்கப் பயந்தன். நீங்க அந்தப் பக்கம் போனைப் பிடிச்சுக்கொண்டு, ‘வுட்டுடுங்க மிஸ்’ எண்டீங்க.”

நான் தலை குனிந்திருந்தேன். அவர் உறையை மறுபடி மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, “எஞ்சினைப் போடுங்க,” என்றார்.

திட்டில் இறங்கும்போது கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் தானே இறங்கி நடந்தார். ஐந்து செடிகளும் தூரத்திலிருந்தே தெரிந்தன, படுத்துக் கிடக்கிறவர்களுக்கு நடுவில் எழும்பி நிற்கிற ஐந்து பேர் மாதிரி. நாலாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு காயைப் பறித்து நகத்தால் பிளந்தார். ஆறு விதை. இன்னொன்று. ஏழு.

“எட்டு மாசம் இந்த உப்பில நிண்டும் காய் வளைஞ்சுதான் இருக்கு,” என்றார், தனக்குத்தான். “படுக்கவும் இல்ல. மயிரும் வரல்ல.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா எட்டு மாசம் போதுமா எண்டு தெரியாது.”

நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். “அப்ப நல்லதா மிஸ்? உதவுமா?”

அவர் ஐந்து தகடுகளின் கம்பிகளையும் அவிழ்த்துச் சேட்டுப் பையில் போட்டார். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று தட்டின. பிறகு சேட்டுக்குள்ளிருந்து அந்தக் கொப்பியை எடுத்து, இலை பறித்த நாளின் பக்கத்தை விரித்தார். ‘இலை பறித்தவர்’ என்ற இடத்தில் என் முழுப் பெயர் அழகாக எழுதியிருந்தது. பென்சிலையும் கொப்பியையும் என் கையில் வைத்தார்.

“உங்கட பேருக்குக் கீழ. ஆடு ஏத்தின நாள், நட்ட நாள், எங்க இருந்து எண்டது. சாட்டுச் சொல்லி ஒண்டும் எழுத வேணாம்.”

மணலில் குந்தி எழுதினேன். என் எழுத்து பெரிசு, அவருடைய கோடுகளுக்குள் அடங்கவில்லை. எழுதி முடித்து நீட்டினேன். என் கையில் இருந்தபடியே வாசித்தார். இன்னும் ஒருக்கா வாசித்தார். கொப்பியைத் திருப்பி வாங்கவில்லை. முதலாம் இலக்கம் கிடந்த இடத்துக்கு நொண்டிக்கொண்டு போனார். மடியாத காலை ஒரு பக்கம் நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, மெல்ல மெல்ல மணலில் குப்புறப் படுத்துக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.

“ஒண்டு,” என்றார், என் பக்கம் திரும்பாமல். நான் புதுப் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை வைக்கும்வரை அடுத்த சொல்லைச் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தார்.